கணக்கு ஒத்துப்போனால் போதுமா?

(விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில், பி.காம். முதலாமாண்டு மாணவர்களிடையே ஆடிட்டர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். பேராசிரியர்களுக்கும், பிள்ளைகளைச் சேர்த்துவிட்டுப் பின்வரிசையில் இன்னும் கவலையோடு உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும் தனியாக ஒரு வணக்கம்.

முதல் செமஸ்டரில் உங்களுக்கு ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. இருப்பாய்வு போடுவீர்கள், அதாவது எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளையும் ஒரே பட்டியலில் வைத்துக் கூட்டுவீர்கள். பற்றுப் பக்கம் கூட்டினால் 4,86,500 வரும். வரவுப் பக்கமும் அதே 4,86,500. அடியில் இரட்டைக் கோடு போட்டுவிட்டு, "டேலி ஆயிடுச்சு!" என்று பக்கத்து பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி சொல்வீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் மூன்று வருடமும் அந்த நிம்மதிக்காகவே படித்தால், பட்டம் கைக்கு வந்த பிறகும் கணக்கு தெரியாது. இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

ஒவ்வொரு நடவடிக்கையையும் நாம் இரண்டு இடத்தில் எழுதுகிறோம். வெனிஸ் வியாபாரிகள் வைத்திருந்த முறை இது. 1494-ல் லூக்கா பசியோலி என்ற துறவி அதை விளக்கி அச்சில் கொண்டுவந்தார். நம் ஊர்ப் பருப்பு மில் கணக்கும் இன்று அந்த வழியில்தான் ஓடுகிறது. ஒரே தொகையை இரண்டு பக்கமும் எழுதினால் கூட்டுத்தொகை ஒன்றாகத்தானே இருக்கும்? ஆக, இருப்பாய்வு ஒத்துப்போனால், இரண்டு பக்கமும் ஒழுங்காக எழுதிக் கூட்டியிருக்கிறீர்கள் என்று மட்டும் அர்த்தம். எழுதிய விஷயம் நிஜமா என்று அதற்குத் தெரியாது.

ஓர் அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். ஆஃப்செட் மெஷின் பழுதாகிவிட்டது. ரிப்பேருக்கு 60,000 ரூபாய். கணக்கு எழுதுபவர் அதைப் பழுதுபார்ப்புச் செலவில் வைக்காமல் இயந்திரக் கணக்கில் பற்று வைத்துவிட்டார். இருப்பாய்வு ஒரு பைசா பிசகாது. ஆனால் செலவு குறைந்துபோனதால் லாபம் கூடுதலாகத் தெரியும். பழைய மெஷின், தாளில் மட்டும் விலை ஏறி நிற்கும். பாடத்தில் இதற்கு விதிப்பிழை என்று பெயர். இரண்டு மார்க் கேள்வி. ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விடுவோம்.

அந்த இரண்டு மார்க்தான் அமெரிக்காவில் வேர்ல்ட்காம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தைச் சாய்த்தது. மற்ற கம்பெனிகளின் லைன்களைப் பயன்படுத்துவதற்குக் கொடுத்த கட்டணம், அந்தந்த மாதமே செலவாகக் காட்ட வேண்டியது. அதைச் சொத்து என்று எழுதி வைத்தார்கள். 2002 ஜூனில் விஷயம் வெளியே வந்தபோது, முதலில் சொன்ன தொகையே 380 கோடி டாலர். பிறகு அது இன்னும் பெருகியது. அடுத்த மாதமே கம்பெனி திவாலுக்கு மனுப் போட்டது. தலைவராக இருந்த பெர்னி எபர்ஸுக்கு 25 ஆண்டு சிறை. இதைக் கண்டுபிடித்தது போலீஸோ, வெளியிலிருந்து வந்த தணிக்கையாளரோ இல்லை. சிந்தியா கூப்பர் என்ற பெண் தலைமையில் இயங்கிய, அந்தக் கம்பெனியின் சொந்த உள்தணிக்கைப் பிரிவு. சந்தேகம் வராமலிருக்க ராத்திரியில் உட்கார்ந்து பதிவுகளைத் தோண்டினார்கள். அவர்கள் கேட்ட கேள்வி உங்கள் முதலாமாண்டுப் பாடத்திலேயே இருக்கிறது: இது சொத்தில் சேரும் முதலினச் செலவா, அப்போதே செலவாகக் காட்ட வேண்டிய வருவாயினச் செலவா?

நம் ஏட்டையும் வங்கியின் ஏட்டையும் ஒப்பிடுகிற வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று ஒரு பாடம் வரும். கொடுத்த செக் இன்னும் வங்கிக்குப் போகவில்லை, வங்கி எடுத்த கட்டணம் நம் ரொக்க ஏட்டில் ஏறவில்லை என்று கூட்டிக் கழிப்பீர்கள். இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வரும். நம் ஏட்டில் வங்கியில் உள்ள பணம் பற்று. பாஸ்புக்கில் பார்த்தால் அதே பணம் வரவு. யார் சரி? இரண்டு பேரும் சரி. பாஸ்புக் வங்கியின் ஏட்டிலிருந்து எடுத்தது. அவர்கள் கணக்கில் நீங்கள் கடன் கொடுத்த ஆள். இதை ஒரு தரம் புரிந்துகொண்டால் அப்புறம் எந்த விதியையும் உருப்போட வேண்டியதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதில்லை. பரீட்சையில் பாஸ்புக் இருப்பைக் கேள்வித்தாளே கொடுத்துவிடுகிறது. அந்த எண்ணை நீங்கள் சந்தேகப்பட முடியாது, சந்தேகப்பட்டால் நேரம் போய்விடும். வேலையில் அப்படி இல்லை. 2009 ஜனவரி 7-ஆம் தேதி, சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற மென்பொருள் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கம்பெனியின் கணக்கில் காட்டியிருக்கும் ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் கிடையவே கிடையாது என்று. யோசித்துப் பாருங்கள். கம்பெனியின் சொத்தையும் கடனையும் காட்டும் அந்த இருப்புநிலைக் குறிப்பு இரண்டு பக்கமும் அழகாக ஒத்துப்போயிருந்தது. வங்கி அறிக்கைகளும் இருந்தன, டெபாசிட் ரசீதுகளும் இருந்தன. எல்லாம் போலி. வங்கி இருப்பைத் தணிக்கையாளர் நேரடியாக வங்கியிடமிருந்தே எழுத்தில் வாங்கிச் சரிபார்க்க வேண்டும் என்பது பழைய விதி. கம்பெனி நீட்டிய காகிதத்தை நம்பிய இடத்தில்தான் எல்லாம் போனது. 2015 ஏப்ரலில் ராஜுவுக்கு 7 ஆண்டு தண்டனை கொடுத்தார்கள். அதற்கு முன்பே 2013-ல் புதிய கம்பெனிச் சட்டம் வந்துவிட்டது, தணிக்கையாளர்கள் மீதான பிடியும் இறுகியது.

இவ்வளவு பெரிய கதை வேண்டாம் என்றால் சிவகாசிக்கு வாருங்கள். தினசரி காலண்டர். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷ மாதிரிகளோடு புது ஆல்பம் போடுவார்கள், தை பிறப்பதற்குள் முக்கால்வாசி வியாபாரம் முடிந்துவிடும். மார்ச் 31-ல் கணக்கை முடிக்கும்போது குடோனில் 5,000 காலண்டர் மிச்சம் என்று வையுங்கள். ஒன்றுக்கு அடக்க விலை 40 ரூபாய். இறுதிச் சரக்கு 2 லட்சம் என்று எழுதினால் கணக்கு ஒத்துப்போகும். ஆனால் ஏப்ரலில் அந்தக் காலண்டரை யார் வாங்குவார்கள்? எடைக்குத்தான் போகும். 'அடக்க விலை அல்லது விற்றால் கிடைக்கக்கூடிய விலை, எது குறைவோ அது' என்று உங்களில் எல்லோரும் நாளைக்குத் தேர்வில் எழுதுவீர்கள். குடோனுக்குப் போய்க் காலண்டரின் வருஷத்தைப் பார்க்கிறவர் எத்தனை பேர் என்பதுதான் என் கேள்வி. போகாவிட்டால் வராத லாபத்துக்கு முதலாளி வரி கட்டுவார். அல்லது அந்த இரண்டு லட்சத்தை நம்பி வங்கி கடன் கொடுக்கும். வங்கி மேனேஜர்களை ரொம்பக் குறை சொல்லக்கூடாது, அவர்கள் முன்னால் இருப்பதும் நாம் கொடுத்த காகிதம்தான்.

ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-ல் வந்த பிறகு இந்த ஒப்பிடும் வேலை எல்லா ஆபீஸிலும் தலைக்குமேல் போய்விட்டது. நீங்கள் சரக்கு வாங்கினீர்கள், வரியும் கொடுத்தீர்கள், பில்லும் கையில் இருக்கிறது. ஆனாலும் விற்றவர் தன் ரிட்டர்னில் அந்தப் பில்லைக் காட்டி, அது உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி படிவத்தில், அதாவது விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலில், வந்தால்தான் நீங்கள் கொடுத்த வரியை உங்கள் வரியில் கழித்துக்கொள்ள முடியும். 2022 முதல் இந்த விதி கறாராகிவிட்டது. அதனால் மாதம் பிறந்தால் எங்கள் ஆபீஸ் பிள்ளைகள் நம் ஏட்டில் இருக்கிறது, 2பி-யில் இல்லை, 2பி-யில் இருக்கிறது, நம் ஏட்டில் இல்லை என்று பட்டியல் போட்டுக்கொண்டிருப்பார்கள். வங்கிச் சரிகட்டும் பட்டியலை நன்றாகப் படித்தவனுக்கு இது ஒரு நாளில் வந்துவிடும்.

சரி, எப்படிப் படிப்பது? குறிப்பேட்டுப் பதிவுக்குக் கீழே விளக்கக் குறிப்பு எழுதச் சொல்வார்கள். மார்க் போய்விடுமே என்று கடமைக்கு எழுதாதீர்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் படித்தாலும் ஏன் இந்தப் பதிவு என்று விளங்க வேண்டும், அப்படி எழுதுங்கள். கம்பெனிக் கணக்கியலில் துணைக் கணக்கீடுகளைப் பென்சிலில் ஓரமாகக் கிறுக்காமல் விடைத்தாளிலேயே காட்டுங்கள், அதற்கும் மார்க் உண்டு. 'முக்கியக் கேள்விகள்' கைடைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. சொன்னால் கேட்கவா போகிறீர்கள்?

டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். எஃப்5 செலுத்தல், எஃப்6 பெறுதல், எஃப்7 குறிப்பேடு என்று விரல் தானாக ஓடும். விரல் ஓடுவதற்குள் மூளை ஓட வேண்டும், ஏனென்றால் தவறான கணக்கைத் தேர்ந்தெடுத்தாலும் மென்பொருள் உங்களுக்காக ஒத்துப்போக வைத்துவிடும். இன்னொன்று. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், யார் எப்போது எந்தப் பதிவை மாற்றினார் என்ற தடத்தைப் பதிந்துவைக்க வேண்டும். அதை அணைத்துவைக்கவும் கூடாது. முதலாளி "தம்பி, அந்தப் பழைய என்ட்ரியைச் சத்தமில்லாம மாத்திடு" என்று சொன்னால், சத்தம் கேட்கும் என்று அவருக்கு மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பெற்றோர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். 'பி.காம். சி.ஏ. எடுத்தால் ஆடிட்டர் ஆகிவிடுவானா?' வருடா வருடம் வரும் கேள்விதான் ஐயா. அந்தப் பட்டத்தில் உள்ள சி.ஏ. கணினிப் பயன்பாடு. ஆடிட்டர் படிப்பு தனி, அதை நடத்துவது 1949-ல் சட்டப்படி அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவனம். பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன் என்ற முதல் கட்டத் தேர்வை எழுதிப் போகலாம். அல்லது பி.காமில் 55 சதவீதம் எடுத்தால் ஃபவுண்டேஷன் இல்லாமல் நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம். முன்பு மூன்று வருடமாக இருந்த, ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள்ஷிப் இப்போது இரண்டு வருடம்.

'பெண் பிள்ளைக்குச் சரிப்படுமா?' என்று இன்னொரு சீட்டு. சென்னை ராணி மேரி கல்லூரியில் படித்த ஆர். சிவபோகம் விடுதலைப் போராட்டத்தில் சிறை போனவர். 1933-லேயே அரசின் கணக்கியல் டிப்ளமோ தேர்வில் தேறியவர். சிறை சென்றதைக் காட்டிப் பதிவுக்குத் தடை வந்தபோதும் விடாமல் நின்று வென்றார். இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் அவர். சரிப்படுமா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லி ஏறக்குறைய நூறு வருடம் ஆகப்போகிறது அம்மா.

கடைசிச் சீட்டு ஒரு மாணவர் எழுதியது. தமிழ் வழியில் படித்தவராம், இங்கே எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று பயப்படுகிறார். தம்பி, ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். இடப்பக்கம் பேரேடு, வலப்பக்கம் லெட்ஜர். இடப்பக்கம் தேய்மானம், வலப்பக்கம் டிப்ரிஸியேஷன். தினம் ஐந்து எழுதினால் போதும், தீபாவளிக்குள் பாடப் புத்தகத்துக்கு வேண்டியது முழுக்க வந்துவிடும். அதற்குப் பிறகும் புரியவில்லை என்றால் உங்கள் வகுப்பு ஆசிரியரிடம் தமிழிலேயே கேளுங்கள், அவரும் பாதிப் பாடத்தைத் தமிழில்தான் நடத்துகிறார்.