வேகப் படகு தண்ணீர் குடிக்கும் இடம்

நேயர்களுக்கு வணக்கம். ராயபுரத்தில் மரைன் இன்ஜின் பட்டறை நடத்துகிறவன் நான். வேகப் படகுகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். வேகப் படகு என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை எச்.பி.?" அடுத்தது, "எவ்வளவு ஸ்பீடு போகும்?" மூன்றாவதாக ஒருவர், "இன்ஜினுக்குத் தண்ணி எங்கேர்ந்து எடுக்குது?" என்று கேட்டால், அவர் ஏற்கெனவே ஒரு இன்ஜினைச் சீஸ் ஆக்கிக் கைக்காசைத் தொலைத்தவர் என்று நான் எடுத்துக்கொள்வேன். இன்றைக்கு அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

எரிகிற பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் புரொப்பல்லரைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடும். மீதியைத் தண்ணீர்தான் சுமந்துகொண்டு வெளியே போகவேண்டும். காருக்கு ரேடியேட்டர், அதற்கு எதிரே காற்று. படகுக்குக் கடல். 500 எச்.பி. இன்ஜின் ஒன்று முழு வேகத்தில் ஓடுகிறது, உள்ளே வருகிற கடல்நீர் 20 டிகிரி சூடேறி வெளியே போகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 250 லிட்டருக்கு மேல் தண்ணீர் தேவை. அதுவும் நம்மூர்க் கடல்நீர். மே மாதத்தில் எண்ணூர் பக்கம் மேல்தண்ணீர் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். குளிர் நாட்டு ஏரியில் ஒருவர் தன் ரேஸ் படகுக்குக் கட்டிய செட்டப்பை அளவு மாற்றாமல் இங்கே காப்பி அடித்தால் தாங்காது. இந்த ஒரு விஷயத்திலேயே பாதிப் பேர் சறுக்குகிறார்கள்.

மெதுவாகப் போகிற படகுக்கு இதெல்லாம் பெரிய கவலை இல்லை. காசிமேட்டு விசைப்படகை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு ஓட்டை, அதில் ஒரு வால்வு, மேலே குப்பை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர், பிறகு பம்ப். படகின் அடிப்பக்கம் முழுக்க எப்போதும் தண்ணீருக்குள்தான் இருக்கும். ஓட்டையை எங்கே போட்டாலும் தண்ணீர் வரும். காசிமேட்டில் அதிவேக இன்ஜின் என்ற பேச்சை எடுத்தாலே சண்டை வரும், 2020ஆம் ஆண்டு மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் 240 எச்.பி.க்கு மேல் கூடாது என்கின்றன. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. நான் சொல்வது மீன் பிடிக்காத படகுகளைப் பற்றி: ரோந்துப் படகு, ரேஸ் படகு, வசதியுள்ளவர்கள் வாங்கும் உல்லாசப் படகு.

இவை வேகம் எடுத்ததும் அணியம், அதாவது முன்பகுதி, மேலே எழும்பிவிடும். உடம்பில் பெரும்பகுதி தண்ணீருக்கு மேலே வந்து, பின்பக்கம் கொஞ்சம் மட்டும் கடலைத் தொட்டபடி ஓடும். தொடுகிற அந்த இடத்திலும் எல்லாம் சுத்தமான தண்ணீர் கிடையாது. அடியில் நீளவாக்கில் ஓடும் வரிகளுக்குப் பின்னால் நுரை. அடிப்பக்கத்தில் படி வெட்டிய ஹல் (படகின் உடம்பு) என்றால் இன்னும் மோசம், ஏனென்றால் அந்தப் படிகளின் வேலையே காற்றை இழுத்து அடியில் விரிப்பதுதான். படிக்கு நேர் பின்னால் தண்ணீர் எடுக்கும் வாயை வைத்தால் இன்ஜினுக்குப் பாதி தண்ணீர், பாதி காற்று. நின்ற இடத்தில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் பிரமாதமாக இருக்கும். கடலுக்குள் போய் த்ராட்டிலைத் தள்ளும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

"அண்ணே, ஸ்ட்ரெய்னர் கிட்ட இடம் இருக்கு, அங்கேயே ஒரு ஓட்டை போட்டுக் குடுத்துருங்க" என்று வருகிறவர்கள் உண்டு. ஹோஸுக்கு வசதியான இடத்தில் துளை போடக் கூடாது. அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் கீலை ஒட்டி, முடிந்தவரை பின்னால், வரிக்கும் படிக்கும் ஒதுங்கி, வேகத்திலும் கெட்டியான தண்ணீர் கிடைக்கிற இடத்தைப் பார்க்கவேண்டும். அதே சமயம் புரொப்பல்லருக்கு நேர் முன்னால் வரக் கூடாது. அங்கே எதையாவது துருத்திக்கொண்டு வைத்தால் அது கிளப்பும் குமிழியெல்லாம் புரொப்பல்லருக்குள் போய், இன்ஜின் கத்தும், படகு நகராது. இந்த இரண்டு நிபந்தனைக்கும் நடுவில் மிஞ்சுவது ஒரு சாண் இடம் இருந்தால் பெரிது.

படகின் பின்சுவரான டிரான்சத்தின் கீழ் விளிம்பில் வளைந்த குழாய் ஒன்றை மாட்டி, அதன் வாய் அடிப்பலகைக்குக் கொஞ்சம் கீழே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைப்பதும் உண்டு. அடியில் ஓட்டை போட வேண்டாம், படகு முழுகும் பயம் குறைவு. கொஞ்சம் இழுவை கூடும், அவ்வளவுதான். பழைய படகுக்குப் புதிதாகச் செட்டப் போடுகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்வேன்.

படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்களில் பம்பும் உறிஞ்சும் வாயும், தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் காலிலேயே இருக்கின்றன. காலின் அடியில் புரொப்பல்லரைத் தாங்கும் கியர் கேஸின் இரண்டு பக்கமும் மீனின் செவுள் போலக் கீற்று கீற்றாக இருக்குமே, அதுதான். சாதாரண ஓட்டத்துக்கு அது போதும். ரேஸ்காரர்கள் அதோடு நிற்பதில்லை. காலைத் தண்ணீருக்குள் ஆழமாக வைத்தால் இழுவை. அதனால் ஜாக் பிளேட் போட்டு இன்ஜினையே மேலே தூக்குவார்கள். புரொப்பல்லரின் பாதி வட்டம் தண்ணீருக்கு வெளியே சுழலும். அப்போது பக்கவாட்டுக் கீற்றும் கடல்மட்டத்துக்கு மேலே வந்துவிடும், உறிஞ்சுவது வெறும் காற்று. இதற்காகவே கியர் கேஸின் மூக்கு நுனியில், கீழ்ப்பக்கமாகச் சிறு துளைகள் வைத்து அங்கிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள். புரொப்பல்லர் பாதி வெளியே இருந்தாலும் மூக்கு நுனி தண்ணீருக்குள் இருக்கும். மூக்கில் வழி வைத்தபிறகு பக்கக் கீற்றை அடைத்துவிடவேண்டும். திறந்து விட்டால் மூக்கு வழியே வரும் தண்ணீரோடு பக்கம் வழியே காற்றும் பம்புக்குள் வரும். 2018 நவம்பரில் விஜயவாடா பக்கம் கிருஷ்ணா நதியில் ஃபார்முலா 1 படகுப் பந்தயம் நடந்தது, மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும் படகுகள். பார்வையாளர்கள் கண்ணெல்லாம் வளைவில் எகிறுகிற தண்ணீரில். என் போன்றவர்கள் பார்ப்பது கரையில் தூக்கி வைத்திருக்கும்போது தெரிகிற கியர் கேஸ் மூக்கை.

ஸ்டெர்ன் டிரைவ் என்ற வகையில் இன்ஜின் படகுக்குள்ளே, கால் மட்டும் வெளியே. கம்பெனி கொடுக்கும் வழி, காலின் கீழ்ப்பகுதியில் தண்ணீர் எடுத்து, காலுக்குள் இருக்கும் ஒடுங்கிய பாதை வழியே பல திருப்பம் திரும்பி உள்ளே வரும். கம்பெனி எச்.பி.க்கு அது சரி. இன்ஜினைத் திறந்து பவர் ஏற்றுகிறவர்கள் அந்தப் பாதையைப் பெரிதாக்குவதில்லை. பவர் ஏறிய இன்ஜினுக்குப் பழைய வழியில் தண்ணீர் பற்றாது. காலின் வழியை மூடித் தட்டு போட்டுவிட்டு, ஹல்லில் தனியாக வாய் வைக்கவேண்டும்.

இத்தனை நேரம் தண்ணீர் கிடைக்காத கதை. இனி அதிகமாகக் கிடைக்கும் கதை, அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வாய் முன்பக்கம் பார்த்தபடி இருந்தால், படகின் வேகமே தண்ணீரை உள்ளே தள்ளும். தள்ளுகிற அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் அதிகபட்சம் 8 பி.எஸ்.ஐ. 40 நாட்டில் 16 இல்லை, 32 ஆகிவிடும். 60 நாட்டில் 70ஐத் தாண்டும். இதன்மேல் பம்பின் அழுத்தமும் சேரும். ஆயில் கூலர், கேஸ்கெட், புகை வெளியேறும் மேனிஃபோல்டு எல்லாம் அதைத் தாங்கச் செய்தவை அல்ல. படகு அலையில் எகிறும்போது வாய் காற்றைக் குடிக்கும், அழுத்தம் பூஜ்யம். திரும்பக் கடலில் மோதும்போது ஒரே அடியாக ஏறும். கேஸ்கெட் பிய்த்துக்கொள்வது பெரும்பாலும் அந்த மோதலில்தான். அதனால் நல்ல செட்டப்பில் பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு ரிலீஃப் வால்வு இருக்கும், வைத்த அழுத்தத்துக்கு மேலே போனால் திறந்து, மிச்சத் தண்ணீரைக் கடலிலேயே கொட்டிவிடும். வெளிநாட்டில் நேர்கோட்டில் பந்தயம் ஓடும் டிராக் படகுகளில் சிலது பம்பே இல்லாமல் வேகத்தின் தள்ளலை மட்டும் நம்பி ஓடும். சில விநாடி ஓட்டத்துக்கு அது சரி. துறைமுக வாயில் மெதுவாக வரிசையில் நிற்கவேண்டிய படகுக்கு அந்த வித்தை கூடாது.

வாட்டர்ஜெட் படகுகளுக்கு இந்தத் தலைவலி கொஞ்சம் குறைவு. கடலோரக் காவல்படையின் இன்டர்செப்டர் படகுகளைத் துறைமுகப் பக்கம் பார்த்திருப்பீர்கள், எல் அண்ட் டி கட்டிக் கொடுத்தவை, 45 நாட் போகக்கூடியவை. அவற்றுக்கு புரொப்பல்லர் கிடையாது, ஜெட்தான். ஜெட் எப்படியும் அடியிலிருந்து டன் கணக்கில் தண்ணீரை இழுக்கிறது. பொதுவாகப் பல ஜெட்டுகளில் அந்தப் பாதையிலிருந்தே ஒரு கிளை எடுத்து இன்ஜினுக்கு விட முடியும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்த வால்வு வேண்டும் என்பது மட்டும் மாறாது.

இனி நம் வடசென்னைத் தண்ணீர். புத்தகம் எழுதுகிறவர் எண்ணூர் முகத்துவாரத்தைப் பார்த்து எழுதவில்லை. கொசஸ்தலை ஆறு கொண்டுவரும் பிளாஸ்டிக் கவர் ஒன்று போதும், மூக்குத் துளையைப் பசை போட்டதுபோல் மூடிவிடும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கழிமுகத்தில் அடிக்கடி ஓட்டினால், அந்த நைசான சாம்பல் பம்பின் உள்தட்டைத் தேய்க்கும். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் படர்ந்தது. அந்த மாதிரி நேரத்தில் ஸ்ட்ரெய்னர் கூடையைத் திறந்து துடைக்காமல் கிளப்பக் கூடாது. சொறி மீன் (ஜெல்லி மீன்) கூட்டமாக வரும் நாள்களும் உண்டு. கல்பாக்கம் அணுமின் நிலையமே கடல்நீர் எடுக்கும் வாயில் சொறி அடைத்துத் திண்டாடியிருக்கிறது, ஒரு விரல் அகலத் துளை எம்மாத்திரம்? ஓட்டாமல் சில வாரம் கட்டிப்போட்ட படகென்றால் துளைக்குள்ளேயே கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிர்) வளர்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, கம்பி விட்டுப் பார்க்கவேண்டும்.

பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் ரப்பர். அதற்குத் தண்ணீர்தான் ஆயில். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் சுழன்றாலே இறக்கை கருகிவிடும். இறக்கை உடைந்தால் புது இம்பெல்லர் போட்டதோடு வேலை முடிந்ததென்று நினைக்காதீர்கள். உடைந்த துண்டுகளை எண்ணிப் பார்த்து, எல்லாவற்றையும் ஹோஸுக்குள்ளும் கூலருக்குள்ளும் தேடி எடுக்கவேண்டும். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் நாளைக்கு அது வேறு இடத்தை அடைக்கும்.

பிடிபடாத வியாதி ஒன்று உண்டு. வாய் சரி, ஸ்ட்ரெய்னர் சுத்தம், இம்பெல்லர் புதுசு, இருந்தும் முழு வேகத்தில் மட்டும் ஹீட் ஆகிறது. நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் இல்லை. பம்புக்கு முன்னால் இருக்கும் ஹோஸைப் பாருங்கள். சாதாரண ரப்பர் ஹோஸாக இருந்தால், பம்ப் வேகமாக உறிஞ்சும்போது அது உள்ளுக்குள் ஒட்டிச் சப்பையாகிவிடும். இன்ஜின் நின்றதும் பழையபடி உருண்டையாகிவிடும். உள்ளே கம்பிச் சுருள் உள்ள ஹோஸ்தான் அங்கே போடவேண்டும், இரண்டு பக்கமும் இரட்டைக் கிளாம்போடு. அலுமினிய ஹல் என்றால் இன்னொன்று: விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று பித்தளை வாயை நேராக மாட்டாதீர்கள். உப்புத் தண்ணீரில் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும்.

டேஷ்போர்டில் பலரும் டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தபடி ஓட்டுகிறார்கள். தண்ணீர் சுத்தமாக நின்றுபோனால், சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இல்லாமல் அந்த முள் பொய் சொல்லும், அல்லது தாமதமாகச் சொல்லும். அதற்குள் புகைக் குழாயின் ரப்பர் ஹோஸ் கருக ஆரம்பித்திருக்கும். தண்ணீர் அழுத்த முள்தான் முதலில் பேசும். டிரிம்மை (கால் சாயும் கோணத்தை) ஏற்றும்போது அது பொத்தென்று விழுந்தால், வாய் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டது என்று பொருள், டிரிம்மை இறக்குங்கள். அவுட்போர்டின் பின்னால் பீய்ச்சும் தண்ணீரைப் பார்த்துத் திருப்தி அடைவோரும் உண்டு. அது பம்ப் ஓடுகிறது என்று மட்டும் சொல்லும், இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று சொல்லாது. கடல்நீரே நேராக உள்ளே ஓடுகிற இன்ஜின்களுக்கு 60 டிகிரியை ஒட்டித் திறக்கும் தெர்மோஸ்டாட் போடுவார்கள். அதைவிடச் சூடேறினால் உப்பும் சுண்ணாம்பும் பிரிந்து சுவரில் படிய ஆரம்பிக்கும். வெயில் ஊர் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிறவர்களை நான் ஒத்துக்கொள்வதில்லை, அது வேறு சிக்கலைக் கொண்டுவரும்.

கடைசியாக, இழுத்து வருகிற படகு. நடுக்கடலில் ஒரு படகு நின்றுபோய், இன்னொன்று கயிறு கட்டி இழுத்து வருவது இங்கே சகஜம். இன்ஜின் ஓடாத படகில் முன்பக்கம் பார்த்த வாய் இருந்தால், இழுவையின் வேகம் தண்ணீரை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரைப் புகையால் தள்ளி வெளியேற்ற இன்ஜின் ஓடவில்லை. சைலன்சர் நிரம்பி, பிறகு மேனிஃபோல்டு, பிறகு சிலிண்டர். கரைக்கு வந்து ஸ்டார்ட் பண்ணினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும், சின்ன ரிப்பேராக இருந்தது பெரிய இன்ஜின் வேலையாகிவிடும். இழுவைக் கயிற்றைக் கட்டுகிற கையோடு அடி வால்வையும் மூடிவிடுங்கள். மூடினீர்கள் என்று சாவியில் ஒரு துணி கட்டி வையுங்கள், திறக்காமல் ஸ்டார்ட் பண்ணினால் இம்பெல்லர் போய்விடும். படகில் தனி ஜெனரேட்டர் இருந்தால் அதன் வாய்க்கும் இதே விதிதான், அதற்கு முன்பக்கம் பார்த்த வாயே வைக்கக் கூடாது.

கேட்டதற்கு நன்றி. வணக்கம்.