கிறிஸ்துமஸ் வட்டத்தில் எல்லாருக்கும் இடம்

நேயர்களே, வணக்கம். பினாங்கிலிருந்து உங்களோடு பேசும் வாய்ப்பைத் தந்த நிலையத்தாருக்கு என் நன்றி.

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. பல வீடுகளில் அச்சுமுறுக்கு சுட்டு டின்னில் அடைத்தாயிற்று, திரைச்சீலை துவைத்தாயிற்று, திறந்த இல்ல உபசரிப்புக்கு யார் யாரை அழைப்பது என்ற பட்டியலும் தயாராகியிருக்கும். ஆனால் விருந்து முடிந்த பிறகு அந்த வீட்டில் கூடியிருக்கும் இருபத்தைந்து முப்பது பேரும் சேர்ந்து என்ன செய்யப் போகிறார்கள் என்பதை மட்டும் நாம் யோசித்து வைப்பதில்லை. உறவினர்கள் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வருகிறார்கள், ஈப்போவிலிருந்து காரோட்டி வருகிறார்கள். வந்து, சாப்பிட்டு, பிற்பகல் இரண்டு மணிக்குப் பெரியவர்கள் மின்விசிறிக்குக் கீழே கண்ணயர, இளையவர்கள் ஆளுக்கொரு கைப்பேசியோடு மூலைக்கொருவராக ஒதுங்க, சின்னஞ்சிறுசுகள் மட்டும் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் காட்சி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். என் வீட்டில் பல ஆண்டுகள் இருந்தது. அந்த இரண்டு மணி முதல் ஐந்து மணி வரையிலான நேரத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குள் கூடி விளையாடும் வழக்கம் நமக்குப் பெரும்பாலும் ஆங்கிலேயர் வழியாக வந்தது. அவர்களுக்கு அது குளிர்காலம். லண்டனில் கிறிஸ்துமஸ் அன்று பிற்பகல் நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். வெளியே இருட்டும் குளிருமாக இருக்கையில், கணப்பு எரியும் கூடத்தில் கூடிய குடும்பத்தார் கண்ணைக் கட்டி விளையாடினார்கள், ஊமை நாடகம் நடித்தார்கள். இருட்டறையில் பிராந்தியை ஊற்றிக் கொளுத்தி, எரியும் தட்டிலிருந்து உலர்ந்த திராட்சையை விரலால் எடுத்து வாயில் போடும் ஆட்டமும் அவர்களிடம் இருந்தது. அதை நாம் அவர்களோடேயே விட்டுவிடுவது நல்லது. பினாங்கில் சூரியன் மறையவே மாலை ஏழு மணி தாண்டும். நம்மை வீட்டுக்குள் இருக்க வைப்பது குளிரன்று, பிற்பகல் வெயில். காரணம் வேறானாலும் கூடம் ஒன்றுதான், கூடியிருக்கும் மக்களும் அப்படியே: எண்பது வயதுப் பாட்டி முதல் நான்கு வயதுப் பேரன் வரை.

எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நான் ஒரே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு தவறு. அந்தத் தவறைச் செய்தவன் நான்தான். சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில் இசை நாற்காலி ஆட்டத்தை நடத்தினேன். பதினான்கு பேர், பதின்மூன்று நாற்காலிகள். பாட்டு முதல் முறை நின்றபோது உட்கார இடமில்லாமல் நின்றவன் என் தங்கையின் ஐந்து வயது மகன். 'அவுட்' என்று எல்லாரும் கைதட்டினோம். அடுத்த முறை நின்றவர் முழங்கால் வலியுள்ள என் பெரியம்மா. ஆட்டம் அரை மணி நேரம் நடந்தது. கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள் இரண்டு இளைஞர்கள். பிறகு தேநீர் கொடுக்கும்போதுதான் பையனைக் காணவில்லை என்று தெரிந்தது. வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவே அவன் உட்கார்ந்திருந்தான். எல்லாருடைய செருப்புகளையும் சோடி சோடியாக அடுக்கி வைத்துவிட்டு, அடுக்குவதற்கு வேறொன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தான். அழவில்லை. அந்த முகத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

ஆளை வெளியேற்றும் ஆட்டத்தில் முதலில் வெளியேறுவது மிகச் சிறியவரும் மிக மூத்தவரும்தான். யாரை ஒன்றுசேர்க்க இந்தக் கூட்டத்தைக் கூட்டினோமோ, அவர்களையே முதலில் வட்டத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். பள்ளி விளையாட்டுப் போட்டியில் அது நியாயமாக இருக்கலாம். குடும்பத்தில் அதற்கு இடம் இல்லை. ஆகவே, எந்த ஆட்டமானாலும் யாரும் 'அவுட்' ஆகக்கூடாது. அதுவே என் அளவுகோல்.

இசை நாற்காலியையே இப்படி மாற்றலாம். நாற்காலிகளை ஓரமாக வைத்துவிட்டு ஒரு பெரிய பாயை விரியுங்கள். பாட்டு ஓடும்போது எல்லாரும் பாயைச் சுற்றி நடக்க வேண்டும். பாட்டு நின்றதும் எல்லாருடைய கால்களும் பாய்க்குள் இருக்க வேண்டும். அடுத்த சுற்றுக்குப் பாயைப் பாதியாக மடியுங்கள், அதற்கடுத்து மறுபடியும் மடியுங்கள். ஆட்கள் குறைவதில்லை, பாய்தான் குறைகிறது. மூன்றாவது மடிப்பில் மாமா மருமகனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். அண்ணன் தங்கையின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்துவான். நடக்க இயலாத தாத்தாவிடம் பாட்டை நிறுத்தும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். அந்த அதிகாரத்தை அவர் எவ்வளவு உற்சாகமாகச் செலுத்துவார் என்று பார்த்தால்தான் தெரியும்.

இனி, நான் மிகவும் விரும்பும் ஆட்டத்துக்கு வருகிறேன். பரிசுப் பரிமாற்றம் இப்போது பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. ஆளுக்கொரு பரிசு, விலை இருபது ரிங்கிட்டுக்குள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ஒருவர் கையிலிருக்கும் பரிசை மற்றவர் பறித்துக்கொள்ளலாம் என்ற விதியோடு சிலர் இதை விளையாடுகிறார்கள். பெரியவர்களுக்கு அது வேடிக்கை. பிடித்த பொருளைக் கையிலிருந்து இழக்கும் குழந்தைக்கு அது வேடிக்கையன்று. அதற்குப் பதிலாகக் கதை கேட்டுப் பரிசை நகர்த்தும் ஆட்டத்தை விளையாடலாம். எல்லாரும் வட்டமாக அமர்ந்து தத்தம் பரிசை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் நடுவில் நின்று கதை படிப்பார். கதையில் 'வலம்' என்ற சொல் வரும்போதெல்லாம் எல்லாரும் கையிலுள்ள பரிசை வலப்பக்கத்தில் இருப்பவருக்கும், 'இடம்' என்ற சொல் வரும்போதெல்லாம் இடப்பக்கத்தில் இருப்பவருக்கும் கொடுக்க வேண்டும். கதை முடியும்போது கையில் இருப்பது அவரவருக்குச் சொந்தம்.

இந்த ஆட்டம் பல நாடுகளில் உண்டு. ஆனால் தமிழில் ஆடும்போது கிடைக்கும் சுவை தனி. ஏனென்றால் தமிழில் இடம் என்றால் இடப்பக்கம், இடம் என்றால் தங்கும் இடமும்தான். வலம் என்றால் வலப்பக்கம், சுற்றி வருவதும் வலம் வருவதுதான். கிறிஸ்து பிறந்த கதையோ, தொடக்கத்திலிருந்தே இடம் கிடைக்காத கதை. நான் எழுதி வைத்திருப்பதில் சில வரிகளைப் படிக்கிறேன். கையில் பரிசு இருப்பதாக நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

"மரியாளும் யோசேப்பும் பெத்லகேம் ஊரை வலம் வந்தார்கள். இருட்டிவிட்டது, தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும். சத்திரக்காரர் கதவைத் திறந்து, 'இங்கே இடம் இல்லை, அடுத்த வீட்டில் இடம் கேட்டுப் பாருங்கள்' என்றார். அங்கேயும் இடம் இல்லை. இடையர்கள் அப்போது வயல்வெளியில் மந்தையை வலம் வந்து காவல் காத்துக்கொண்டிருந்தார்கள்."

கவனித்தீர்களா? 'இடையர்கள்' என்று தொடங்கியதுமே வட்டத்தில் பாதிப் பேர் பரிசை இடப்பக்கம் நீட்டிவிடுவார்கள். 'இடை' என்று காதில் விழுந்ததும் 'இடம்' என்று கை நினைத்துக்கொள்கிறது. 'வலிமை', 'வல்லவர்', 'இடையில்', 'இடர்' என்று இப்படிப்பட்ட சொற்களை ஆங்காங்கே தூவி வைத்தால், முழுக்கவனத்தோடு தமிழைக் கேட்காமல் யாராலும் ஆட முடியாது. தவறாக நீட்டியவர் பரிசைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வேறு தண்டனை கிடையாது. வீட்டில் தமிழ் குறைவாகப் பேசும் பிள்ளைகளும் கதையின் ஒவ்வொரு சொல்லையும் காது கொடுத்துக் கேட்பதை நான் இந்த ஆட்டத்தில்தான் பார்த்தேன். பரிசுகள் மட்டும் யார் கைக்குப் போனாலும் பயன்படுவதாக இருக்கட்டும்: பிஸ்கட் டின், குடை, கைவிளக்கு, துண்டு. நான்கு வயதுக் குழந்தைக்கு முகச்சவர நுரை கிடைத்தால் எல்லாரும் சிரிப்பார்கள், குழந்தை சிரிக்காது.

பேசாமல் நடித்துக் காட்டி மற்றவரைக் கண்டுபிடிக்க வைக்கும் ஊமை நாடகத்தைப் பற்றி, ஆங்கிலத்தில் 'சாரேட்ஸ்' என்பார்களே, அதைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டில் அது தொடங்கியபோது நடிப்பு ஆட்டமாக இல்லை. சொல்லைப் பிரித்துப் புதிர் போடும் ஆட்டமாக இருந்தது, ஏறத்தாழ நம் விடுகதையைப் போல. அடுத்த நூற்றாண்டில்தான் அது நடித்துக் காட்டும் ஆட்டமாகப் பரவியது. இன்று நாம் திரைப்படப் பெயர்களை வைத்து இதை ஆடுகிறோம். அதில் பாட்டிக்குப் புதிய படங்கள் தெரியாது, பேரனுக்குப் பழைய படங்கள் தெரியாது. பழமொழிகளை வைத்து ஆடிப் பாருங்கள். பெரியவர் ஒருவரும் சிறியவர் ஒருவருமாக இணை சேருங்கள். சீட்டில் உள்ள பழமொழியை ஆட்டத்தை நடத்துபவர் பிள்ளையின் காதில் சொல்ல வேண்டும். பிள்ளை நடிக்க, மூத்தவர் கண்டுபிடிக்க வேண்டும். 'குரங்கு கையில் பூமாலை' என்பதைச் சிறுவன் நடித்தால் சொல்லவே வேண்டாம். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பதற்கு ஒரு சிறுமி தரையில் இல்லாத குளத்தில் பெருவிரலை மட்டும் நனைத்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அவளுடைய தாத்தா நொடியில் சொல்லிவிட்டார். திறந்த இல்லத்துக்கு வரும் இந்து, முஸ்லிம் நண்பர்களும் தயக்கமின்றிக் கலந்துகொள்ளலாம் என்பதாலும் பழமொழிகள் எனக்குப் பிடிக்கும். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகள் வந்தால் பல்லாங்குழியையும் எடுத்து வையுங்கள். அவர்களுடைய சொங்காக்கும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். விதிகளில் எது ஒன்று, எது வேறு என்று அவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

பார்வை மங்கிய பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஓர் ஆட்டம். பத்துச் சிறு கிண்ணங்களில் ஏலக்காய், கிராம்பு, பட்டை, சோம்பு, சீரகம், வெந்தயம், காப்பித்தூள், சுக்கு, கறிவேப்பிலை, பினாங்கில் பெயர்பெற்ற ஜாதிக்காய் ஆகியவற்றைத் தனித்தனியாக வையுங்கள். கைக்குட்டையால் கண்ணைக் கட்டி, முகர்ந்து பெயர் சொல்லச் சொல்லுங்கள். மிளகாய்த்தூளை மட்டும் வைக்காதீர்கள். என் அம்மாவுக்கு இரண்டு கண்களிலும் புரை வளர்ந்திருந்த ஆண்டில் இதை ஆடினோம். பேரப்பிள்ளைகள் மூன்றோ நான்கோ சொல்லித் திணறிய இடத்தில், அம்மா பத்தையும் வரிசையாகச் சொன்னார்கள். ஜாதிக்காய்க் கிண்ணத்தை இரண்டாம் முறை மூக்கருகே கொண்டுபோய், "இது போன வருஷத்துக் காய், புதுசு வாங்கி வைக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள். அது உண்மைதான். அதன் பிறகு பிள்ளைகள் கிண்ணங்களோடு அவர்களைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொன்றும் எதில் போடுவது என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மற்ற ஆட்டங்கள் அன்று நடக்கவில்லை.

கூப்பிடும் எண்களைச் சீட்டில் தேடி மூடிக்கொண்டு வரும் தம்போலாவை நீங்கள் அறிவீர்கள். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக் குடும்பங்களில் அது கிறிஸ்துமஸ் கால ஆட்டம். ஒன்று முதல் 90 வரை எண்கள், ஒரு சீட்டில் 15 எண்கள். பணம் வைத்து ஆட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வெற்றிக்கு ஒரு டின் அச்சுமுறுக்கு போதும். எண்களை மூடப் புளியங்கொட்டை கொடுங்கள். எண்களைத் தமிழில் மட்டுமே கூப்பிடுங்கள். தேசியப் பள்ளியிலும் சீனப் பள்ளியிலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இருபது வரை வந்துவிடும். எழுபதுக்கும் எண்பதுக்கும் தடுமாறுவார்கள். தொண்ணூறு என்றதும் நூறைத் தேடுவார்கள். பக்கத்தில் இருக்கும் அத்தையோ சித்தியோ விரலால் காட்டிக்கொடுக்கட்டும். அது கள்ள ஆட்டம் ஆகாது.

இவ்வளவுக்கும் தேவையான பொருள்கள் எல்லாம் வீட்டில் இருப்பவைதான். முன்கூட்டியே செய்ய வேண்டியது ஒன்றே: அந்தக் கதையை எழுதி வைப்பது. ஒரு பக்கம் போதும், எட்டு நிமிடத்துக்கு மேல் நீள வேண்டாம். எழுதியதும் எத்தனை வலம், எத்தனை இடம் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் கொண்டுவந்த பரிசு கொண்டுவந்தவர் மடிக்கே திரும்பிவிடும். ஆகவே ஏதேனும் ஒன்றை மூன்று நான்கு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் பொறுப்பை வீட்டில் தமிழ் வாசிக்கக் கற்றுவரும் பிள்ளைக்கே கொடுங்கள். பிள்ளை எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தால், வட்டத்தில் இருப்போருக்குப் பரிசை நகர்த்த நேரம் சரியாக இருக்கும்.

அனைவருக்கும் என் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நன்றி, வணக்கம்.