பல்புக்குத் தோத்த மினி

[காட்சி: பனி மூடின மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவுல ஒரு சிவப்பு கார்]

நம்பர் பிளேட்டைப் பாருங்க: 33 ஈஜேபி. கதவுல போட்டி எண் 37. 1964 ஜனவரியில மான்டி கார்லோ ராலியை, அதாவது பல ஊர்ல இருந்து கிளம்பி மொனாக்கோவுல முடியுற கார் பந்தயத்தை, ஜெயிச்ச மினி கூப்பர் எஸ் இதுதான். ஓட்டினவர் பெல்ஃபாஸ்ட்காரர் பேடி ஹாப்கிர்க். பக்கத்துல பாதைக்குறிப்பு வாசிச்சது ஹென்றி லிடன். கிளம்பின இடம் சோவியத் யூனியன்ல மின்ஸ்க்.

எஞ்சின் வெறும் 1071 சிசி. எதிர்ல நின்னது 4.7 லிட்டர் வி8 போட்ட ஃபோர்டு ஃபால்கன். மினியோட சக்கரம் 10 இன்ச். நம்ம பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்கும் அதே அளவுதான்!

உண்மையைச் சொல்லிடுறேன், அந்த வருஷம் கடிகாரத்துல வேகமா வந்தது ஃபால்கன்தான். எஞ்சின் அளவைப் பொறுத்து நேரத்தைச் சரிக்கட்டுற கணக்கு ஒண்ணு இருந்தது, அதுல மினி முந்திடுச்சு. "அப்போ ஓசி வெற்றியா?"ன்னு கேட்டா, இல்லை. கோல் டி டூரினி மலைப்பாதையில நேரம் கணக்கிடுற பகுதியில (ஸ்டேஜ்) ஃபால்கனுக்கும் மினிக்கும் வித்தியாசம் 17 செகண்ட்தான்.

[காட்சி: பெடல்கள் க்ளோஸப்]

இவ்வளவு சின்ன காரால அது எப்படி முடிஞ்சது? மினியை வடிவமைச்ச அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்க வெச்சு, முன் சக்கரத்தை இழுக்க விட்டார். எஞ்சினோட எடை முழுக்க அந்தச் சக்கரத்து மேல, அதனால பனியிலயும் பிடிமானம். ஆனா இப்படிப்பட்ட கார் வளைவுல திரும்ப மாட்டேன்னு அடம் பிடிக்கும். அதுக்கு ஃபின்லாந்து டிரைவர்கள் கிட்ட ஒரு வித்தை இருந்தது. வலது கால் ஆக்சிலரேட்டரை விடாது, இடது கால் பிரேக்கைத் தொடும். முன் சக்கரம் சுத்திக்கிட்டே இருக்க, பின்பக்கம் மட்டும் வழுக்கி வெளியே வீசும். கார் தானா திரும்பிடும்.

1965ல ஃபின்லாந்துக்காரர் டிமோ மாக்கினன் அதைக் காட்டினார். கிளம்பினது 237 கார், பனிப்புயல்ல முடிச்சது 35. மினிதான் முதல். எனக்கு 64ஐ விட இதுதான் பெரிய வெற்றி.

[காட்சி: ஹெட்லைட் ஒண்ணு அணைஞ்சு எரியுது]

இப்போ 1966க்கு வாங்க. மாக்கினன், ஆல்டனன், ஹாப்கிர்க்: முதல் மூணு இடமும் மினிக்கு. அப்புறம் ஆரம்பிச்சது பரிசோதனை. குறை கண்டுபிடிச்ச இடம் எஞ்சின் இல்ல, ஹெட்லைட் பல்பு! மினியில இருந்தது ஒத்தை இழை குவார்ட்ஸ் அயோடின் பல்பு. டிம் பண்ணணும்னா அதை அணைச்சுட்டு ஃபாக் லாம்ப்புக்கு மாத்தணும். இது விதிக்கு ஒத்து வராதுன்னு போட்டி நடத்தினவங்க மூணு காரையும் பட்டியல்ல இருந்து தூக்கிட்டாங்க. நாலாவதா வந்த ஃபோர்டு கார்டினாவும் போச்சு. கோப்பை போனது சிட்ரோயன்ல வந்த பாவ்லி டோய்வொனனுக்கு. பிரெஞ்சு காருக்காகவே செஞ்சாங்கன்னு பிரிட்டன்ல அப்போ ஒரே கொந்தளிப்பு. விதியை எழுத்துக்கு எழுத்து படிச்சா போட்டி நடத்தினவங்க பக்கமும் நியாயம் இருக்கலாம். ஆனா பல்பு மலை ஏறாது, பாருங்க.

1967ல ரவுனோ ஆல்டனன் திரும்ப வந்து ஜெயிச்சார், லான்சியாவை விட 13 செகண்ட் முன்னாடி. அடுத்த வருஷம் போர்ஷே 911 வந்துடுச்சு. மினிக்கு மூணாவது இடம்தான்.

33 ஈஜேபி இன்னிக்கும் இருக்கு, இங்கிலாந்துல கேடன் ஊர்ல இருக்கிற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துல.