குடியையும் பாடி, கிருபையையும் பாடலாமா?

அடுத்த கேள்வி, டெக்சாஸ்ல வேலை பார்க்கிற ஒரு தம்பி அனுப்பியிருக்கார். "பாஸ்டர், கார்ல போகும்போது கண்ட்ரி மியூசிக், அதாவது அமெரிக்க கிராமத்துப் பாணிப் பாட்டு, கேட்பேன். ஒரு பாட்டுல குடியும் கூத்தும், அடுத்த பாட்டுலயே இயேசுவே மன்னியும்னு அழுகை. இது வேஷம் இல்லையா? நான் இதைக் கேட்கலாமா?"

வேஷம்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி. கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன்னு ஒரு கண்ட்ரி பாடகர், 2024 செப்டம்பர்ல காலமானார். ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சவர், ராணுவத்துல ஹெலிகாப்டர் ஓட்டினவர். பாட்டு எழுதணும்னு அதையெல்லாம் விட்டுட்டு, கண்ட்ரி மியூசிக்கோட தலைநகரமான நாஷ்வில்லுக்கு வந்து, ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவுல தரை கூட்டினார். அப்புறம் பேர் வந்துச்சு, பணம் வந்துச்சு, குடியும் கூடவே இருந்துச்சு. அப்படி இருக்கும்போது ஒரு நாள் சர்ச்சுக்குப் போறார். அங்க லாரி கேட்லின்னு ஒரு இளம் பாடகர், எனக்கு உதவி செய்யும் ஆண்டவரேன்னு பாடறார். ஆண்டவருக்குத் தன்னை ஒப்புக்கொடுக்க விரும்பறவங்க முன்னால வாங்கன்னு பாஸ்டர் கூப்பிடறார். இவருக்கு எழுந்து போற எண்ணமே இல்லை. ஆனா போறார், முழங்கால்ல நிக்கறார், அத்தனை பேர் முன்னால அழறார். தனக்குத் தேவைன்னே தெரியாத ஒரு மன்னிப்பு அன்னைக்குக் கிடைச்சதுங்கிற மாதிரி பின்னால அவரே சொன்னார்.

அதுல பிறந்த பாட்டுதான் 'வொய் மீ'. 1973-ல கண்ட்ரி பாட்டுகளோட தரவரிசையில முதல் இடத்துக்கு வந்துச்சு. தலைப்பை மட்டும் பார்த்தா புலம்பல் மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்துகிட்டு நாம கேட்போமே, "ஏன் ஆண்டவரே, எனக்கு மட்டும்?"னு. அவர் கேட்கறது நேர் எதிர். நான் அனுபவிச்ச இத்தனை நன்மையில ஒண்ணுக்காவது நான் தகுதியா, அதுக்கு நான் என்ன செஞ்சேன்? தாவீது கேட்டாரே, "நான் எம்மாத்திரம்?" அதே கேள்வி.

லூக்கா 5-ஐ எடுத்துப் பாருங்க. மீனவர் பேதுருவும் கூட்டாளிகளும் ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒண்ணும் கிடைக்கல. ஆண்டவர் சொன்னதும் போட்டாங்க, ரெண்டு படகும் அமிழ்ந்துபோற அளவுக்கு மீன். பேதுரு சந்தோஷத்துல குதிச்சிருக்கணும் இல்லையா? ஆனா கால்ல விழுந்து "ஆண்டவரே, நான் பாவியான மனுஷன்"ங்கறார். ஆண்டவர் ஒரு வார்த்தை கண்டிக்கல. காலி வலையோட கரையில இருந்தப்ப வராத பாவ உணர்வு, படகு நிறைஞ்சப்ப வருது! நாங்க பிரசங்கத்துல இதைத் தலைகீழா பண்றோம். முதல்ல ஆளை நல்லா நோகடிக்கறது, கிருபையைக் கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு வெச்சுக்கறது. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் பேசினேன்.

எல்லாருக்கும் நல்லபடியா முடிஞ்சுடலைங்கறதும் உண்மைதான். வெளிச்சத்தைக் கண்டேன்னு பாடின இன்னொரு கண்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ், 1953 ஜனவரி 1-ஆம் தேதி, கச்சேரிக்குப் போற வழியில கார் பின்சீட்டுலயே இறந்து கிடந்தார். 29 வயசு. குடி அவரை அரிச்சுடுச்சு. அதுக்காக அவர் பாடினது பொய்னு சொல்ல எனக்கு மனசு வரல.

அதனால கேளுங்க தம்பி. குடியைப் பெருமையா பாடற பாட்டு உங்களை உள்ள இழுக்குதுன்னா, உடனே மாத்திடுங்க. அது எந்தப் பாட்டுன்னு உங்களுக்குத்தான் தெரியும். 'வொய் மீ' வந்தா மட்டும் முழுசா கேளுங்க.