பால்டிமோர்ல மட்டமான பிட்சர் யாரு? லைட் ரெயில்ல நடந்த பஞ்சாயத்து

வணக்கம் மக்களே. குரல் கட்டிருக்கு, பொறுத்துக்கோங்க. நேத்து ராத்திரி கேம்டன் யார்ட்ஸ் பேஸ்பால் மைதானத்துல கத்துனதுல பாதித் தொண்டை போச்சு, மீதி திரும்பி வர்ற லைட் ரெயில்ல போச்சு. அடுப்புல டீ வச்சிருக்கேன், நடுவுல எந்திரிச்சுப் போனா தப்பா நினைக்காதீங்க.

ரெயில்ல என்னாச்சுன்னா, எதிர் சீட்ல ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஒரு பெரியவர். பக்கத்துல காலேஜ் பையன் ஒருத்தன். முன்ன பின்ன தெரியாதவங்க. நம்ம ஊர் டீம் ஓரியோல்ஸ்ல சமீப காலத்துல மகா மட்டமான பிட்சர், அதாவது பந்து போடற ஆளு, யாருன்னு ரெண்டு பேருக்கும் சண்டை. பெரியவர் ஒரே பேர்ல நின்னாரு: உபால்டோ ஹிமேனெஸ். பையன் கிறிஸ் டில்மன்னு சொன்னான். நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

பேஸ்பால் பார்க்காதவங்களுக்காக ஒண்ணு சொல்லிடறேன். ஈஆர்ஏன்னா, ஒரு பிட்சர் ஒன்பது இன்னிங்ஸ் போட்டா சராசரியா எத்தனை ரன் அவர் கணக்குல ஏறும்ங்கிறது. ஃபீல்டர் கோட்டை விட்டு வர்ற ரன் இதுல சேராது. நாலுக்குள்ள இருந்தா சரி. அஞ்சைத் தாண்டினா நாங்க முனக ஆரம்பிப்போம்.

இப்ப உபால்டோ. 2010-ல கொலராடோவுக்கு ஆடுனப்போ அட்லாண்டாவை ஒரு ஹிட்கூட அடிக்க விடாம சுருட்டுன ஆளு. கொலராடோ டீம் வரலாற்றுலயே அதுதான் முதல் நோ-ஹிட்டர். 2014-ல நம்மாளுங்க நாலு வருஷத்துக்கு 50 மில்லியன் டாலர் கொடுத்துக் கூட்டிட்டு வந்தாங்க. கடைசி வருஷம், 2017-ல, ஈஆர்ஏ 6.81. ஆனா பெரியவருக்கு இந்தக் கணக்கெல்லாம் ஒரு பொருட்டே இல்ல. அவருக்கு ஒரே ஒரு ராத்திரிதான்.

2016 அக்டோபர் 4. டொரண்டோ. தோத்தா மூட்டை கட்டணும்ங்கிற வைல்ட் கார்டு மேட்ச். 2-2, பதினோராவது இன்னிங்ஸ், ஒருத்தன் அவுட். உபால்டோ வர்றாரு. டொரண்டோவோட முதல் ஆளு டெவன் டிராவிஸ், சிங்கிள் அடிச்சு முதல் பேஸுக்குப் போனாரு. அடுத்து ஜாஷ் டொனால்ட்சன், அவரும் சிங்கிள், டிராவிஸ் மூணாவது பேஸுக்கே போயிட்டாரு. அடுத்து எட்வின் என்கார்நாசியான். முதல் பந்து. நான் அப்போ சோபாவோட நுனியில உக்காந்திருந்தேன், கையில சாம்பார் சாதத் தட்டு. மட்டையில பட்ட சத்தத்துலயே தெரிஞ்சு போச்சு. என்கார்நாசியான் ரெண்டு கையையும் தூக்குனாரு. பந்து எங்க விழுந்துச்சுன்னு நான் பார்க்கவே இல்ல. ஹோம் ரன், அதாவது சுவரைத் தாண்டுன அடி; பேஸ்ல நின்ன ரெண்டு பேரும் அவரும் சேர்ந்து மூணு ரன். 5-2. சீசன் ஓவர். தட்டுல சாதம் அப்படியே காஞ்சு கெடந்துச்சு.

ஆனா வயித்தெரிச்சல் வேற இடத்துல இருக்கு. புல்பென்ல, அதாவது மாத்துப் பிட்சருங்க காத்திருக்கிற இடத்துல, நம்ம ஸாக் பிரிட்டன் உக்காந்திருந்தாரு. அந்த வருஷம் 47 முறை லீடைக் காப்பாத்தச் சொல்லி அனுப்புனாங்க, 47-ம் காப்பாத்துனாரு. ஈஆர்ஏ 0.54, ஆமா, புள்ளி அஞ்சு நாலு! அவரை ஒரு பந்துகூடப் போட விடல மேனேஜர் பக் ஷோவால்டர். லீடு எடுத்ததும் இறக்கலாம்னு வச்சிருந்தாரு, லீடு வரவே இல்ல. வீட்ல அருவாளைப் பத்திரமா பூட்டி வச்சிட்டுக் கரண்டியை எடுத்துக்கிட்டுச் சண்டைக்குப் போன மாதிரி. இதுக்கு உபால்டோ என்ன பண்ணுவாரு? அந்த செப்டம்பர்ல மனுஷன் நல்லாத்தான் போட்டிருந்தாரு. அந்த ராத்திரியை நான் ஷோவால்டர் கணக்குலதான் எழுதுவேன்.

இருங்க, டீ.

ம். வந்துட்டேன். டில்மன். பையன் சொன்னதுல நியாயம் இருக்கு. 2017-ல ஈஆர்ஏ 7.84, 2018-ல 10.46. அது பிட்சரோட நம்பரா, செருப்பு சைஸான்னு கேட்கத் தோணும். ஆனா அதே ஆளுதான் 2014, 15, 16 மூணு சீசன்லயும் முதல் மேட்சுல முதல் பந்து போட்டவரு. டொரண்டோ மேட்சை ஆரம்பிச்சு வச்சதும் அவர்தான். தோள்பட்டை போச்சு, அதோட எல்லாம் போச்சு. அவரைத் திட்ட எனக்கு வாய் வரல.

நான் சொன்ன பேர் டேன் ஸ்ட்ரெய்லி. 2019. நாப்பத்தெட்டு இன்னிங்ஸ்கூட முழுசாப் போடல, 22 ஹோம் ரன் வாங்குனாரு. ஈஆர்ஏ 9.82. அந்த வருஷம் டீம் மொத்தமா கொடுத்த ஹோம் ரன் 305. அதுக்கு முன்னாடி ரெக்கார்டு சின்சினாட்டியோட 258. நம்மாளுங்க அதைத் தாண்டி எங்கயோ போயிட்டாங்க. நியூயார்க் யாங்கீஸோட க்ளேபர் டோரஸ் ஒருத்தரே நம்ம மேல 13 அடிச்சாரு. அந்த வருஷம் பந்தே எல்லா ஊர்லயும் பறந்துச்சு, ஒத்துக்கறேன். இடது பக்கச் சுவரும் அப்போ ரொம்பக் கிட்ட. 2022-ல அதைத் தள்ளி வச்சு உயரத்தையும் கூட்டுனாங்க. ஆனா அதே மைதானத்துல அதே பந்தைத்தான் மத்தவங்களும் போட்டாங்க இல்ல?

அப்போ பையன் ஒரு குண்டு போட்டான். "அப்ப அரியெட்டா?" எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. ஜேக் அரியெட்டா. 2013-ல இங்க ஈஆர்ஏ 7.23. தேற மாட்டான்னு சொன்னவங்கள்ல நானும் ஒருத்தன். ஜூலைல சிகாகோ கப்ஸுக்குத் தள்ளி விட்டாங்க. 2015-ல அங்க 22 வெற்றி, ஈஆர்ஏ 1.77, லீக்லயே சிறந்த பிட்சருக்குக் கொடுக்கிற சை யங் அவார்டு. அடுத்த வருஷம் சாம்பியன் டீமுக்குக் கிடைக்கிற வேர்ல்டு சீரிஸ் மோதிரம். இங்க இருந்த கோச்சுங்க என்னத்தைச் சொல்லிக் கொடுத்தாங்கன்னு இன்னைக்கும் நான் யோசிக்கிறேன்.

பெரியவர் இறங்குற ஸ்டேஷன் வந்துச்சு. கதவுகிட்ட போனவரு திரும்பி என்னைப் பார்த்தாரு. "நீ சொன்னியே, அது எந்த ஸ்ட்ரெய்லி?"ன்னு கேட்டாரு. நான் சொல்றதுக்குள்ள அவரே கையை ஆட்டிட்டு, "உபால்டோதான்"னு சொல்லிட்டு இறங்கிட்டாரு.