அலை ஏன் கரைக்குக் கிட்ட வந்து உடைகிறது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: “எங்கள் தொடர்மாடி பல்கனியில் நின்று பார்த்தால், தூரத்தில் கடல் மடிப்பு மடிப்பாகத்தான் தெரிகிறது. கரைக்குக் கிட்ட வந்ததும், அதுவும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில், அலை உடைகிறது. ஏன்?”

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள் தங்கை. அந்த ‘ஒரே இடம்’ என்பதில்தான் விடையே இருக்கிறது.

அலை வருகிறது என்கிறோமே, தண்ணீர் அப்படி ஓடி வருவதில்லை. உடையும் இடத்துக்கு வெளியே ஒரு தென்னை மட்டை மிதந்தால் பாருங்கள். அலை வரும்போது ஏறிக் கொஞ்சம் முன்னால் போகும், கடந்ததும் இறங்கிப் பின்னால் வரும். கிட்டத்தட்ட ஒரு வட்டம். அடியில் உள்ள தண்ணீரும் அப்படித்தான் சுற்றுகிறது, ஆழம் போகப் போக வட்டம் சிறுக்கும். இரண்டு முகடுகளுக்கு இடையே 100 மீற்றர் என்றால், 50 மீற்றர் ஆழத்தில் அசைவு அநேகமாக இல்லை.

கடல் அதைவிட ஆழம் குறைந்ததும் அலைக்கு அடி தட்டத் தொடங்கும். வேகம் குறையும். 10 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் வருகிற அலை, 1 மீற்றர் ஆழத்தில் 11 கிலோமீற்றர் அளவில்தான் வரும். காலி வீதியில் முன்னால் போகிற பஸ் மெதுவானால் பின்னால் வருவது நெருங்குகிறதே, அப்படி அலைகள் நெருங்கும். இருந்த சக்தி குறுகின இடத்துக்குள் அடைபட, உயரம் எழும்பும்.

இப்போது முகட்டுக்குக் கீழே தண்ணீர் கூட, முன்னால் உள்ள பள்ளத்தில் குறைவு. ஆகவே முகடு வேகமாகவும் பள்ளம் மெதுவாகவும் போகும். முன்பக்கம் செங்குத்தாகிக்கொண்டே வந்து, கடைசியில் முகட்டுத் தண்ணீர் அலையையே முந்திக்கொண்டு விழும். சரிவு மெதுவான மணலில் நுரையாக வழியும், சட்டென்று ஆழம் குறைகிற பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், சுருண்டு விழும்.

1 மீற்றர் உயர அலை ஏறத்தாழ 1.3 மீற்றர் ஆழத்தில் உடையும். நீங்கள் பார்க்கிற வெள்ளைக் கோடு அந்த ஆழம்தான். சோளகக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, அலை பெரிது. அப்போது கோடு வெளியே தள்ளிப் போவதைப் பல்கனியிலிருந்தே பார்க்கலாம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கல்கிசை போன்ற இடங்களில் குளிக்கப் போனால், இரண்டு பக்கமும் வெள்ளையாக உடைய, நடுவில் மட்டும் அமைதியாக ஒரு இடம் தெரியலாம். பிள்ளைகளை அங்கேதான் இறக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். ஆழம் கூட என்பதால்தான் அங்கே அலை உடையவில்லை. கரையேறிய தண்ணீர் கடலுக்குத் திரும்புகிற வழியும் பல நேரம் அதுதான். அந்த இழுவையில் அகப்பட்டால் கரையைப் பார்த்து நீந்திக் களைத்துப் போகாதீர்கள். கரையோரமாகவே பக்கவாட்டில் நீந்துங்கள். வெள்ளையாக உடைகிற இடத்துக்கு வந்ததும், அலையே உங்களைக் கரைப்பக்கம் தள்ளும்.