படை கேட்காத எஸ்றா, கேட்டுப் பெற்ற நெகேமியா

(பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்ச் சபையின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

"ஜெபம் பண்ணினால் போதுமா, நாமும் ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று நம் வாலிபர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பதிலுக்கு, எருசலேமுக்குப் பயணம் போன இரண்டு பேரைப் பார்ப்போம்.

முதலில் எஸ்றா என்ற யூத ஆசாரியர். பெர்சியாவை ஆண்ட அர்தசஷ்டா ராஜாவின் 7-ஆம் வருஷத்தில் பாபிலோனிலிருந்து கிளம்புகிறார். போய்ச் சேர நான்கு மாதம். கூடவே சின்னப் பிள்ளைகள். கையில் 650 தாலந்து வெள்ளி, 100 தாலந்து பொன் (தாலந்து என்பது அந்தக் காலத்து எடை அளவு). வழியெல்லாம் பதுங்கியிருக்கிற எதிரிகள். ராஜாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குதிரைப்படை வந்திருக்கும். ஆனால் கேட்க வெட்கமாயிருந்தது என்று அவரே எழுதுகிறார். தேவனைத் தேடுகிறவர்கள்மேல் அவருடைய கரம் இருக்கும் என்று ராஜாவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாரே, அப்புறம் எப்படிப் போய்க் காவல் கேட்பார்? அகாவா நதியருகே எல்லாரும் உபவாசமிருந்து ஜெபித்தார்கள், புறப்பட்டார்கள்.

13 வருஷம் கழித்து, அதே ராஜாவுக்குப் பானம் பரிமாறிவந்த நெகேமியா, எருசலேமின் இடிந்த மதிலைக் கட்ட அரண்மனையிலிருந்து கிளம்புகிறார். இவர் கேட்கிறார்! ஐபிராத்து நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம் கேட்கிறார், வாசல்களுக்கு மரம் கேட்கிறார். படைத்தலைவர்களும் குதிரைவீரரும் கூட வருகிறார்கள். அவருக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. தேவனுடைய கரம் என்மேல் இருந்தபடியால் ராஜா கொடுத்தார் என்கிறார்.

கவனியுங்கள். காவல் வேண்டாம் என்றவரும் "தேவனுடைய கரம்" என்கிறார், காவலோடு போனவரும் அதையேதான் சொல்கிறார். இவர் விசுவாசி, அவர் அரைகுறை விசுவாசி என்று வேதம் தீர்ப்பு எழுதவில்லை. நமக்குத்தான் அந்த அவசரம்.

படை வேண்டாம் என்ற எஸ்றா சும்மா இருந்தாரா? வெள்ளியையும் பொன்னையும் நிறுத்துப் பார்த்து ஆசாரியர் கையில் ஒப்படைத்தார். எருசலேமில் திரும்பவும் நிறுத்து, நிறையை எழுதி வைத்தார்கள். படை கேட்ட நெகேமியாவோ, கேட்பதற்கு முன் மாதக்கணக்காக அழுது ஜெபித்தவர். "உனக்கு என்ன வேண்டும்?" என்று ராஜா கேட்ட அந்தக் கணத்தில்கூட, பதில் சொல்லுமுன் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம் பண்ணினார்.

அப்புறம் அந்த மதில் வேலை. எனக்கு மிகவும் பிடித்தது நெகேமியா 3-ஆம் அதிகாரம். பெயர்ப் பட்டியல் என்று பலர் புரட்டிவிட்டுப் போவார்கள், தயவுசெய்து போகாதீர்கள். தட்டார்கள் மதில் கட்டுகிறார்கள், தைலக்காரர் கட்டுகிறார், சல்லூமின் மகள்மார் கட்டுகிறார்கள். எதிரிகள் மிரட்டியபோது ஜெபமும் செய்தார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். "நம்முடைய தேவன் நமக்காக யுத்தம் பண்ணுவார்" என்று சொன்ன அதே ஜனங்களில் பாதிப்பேர் கிழக்கு வெளுத்தது முதல் நட்சத்திரம் தெரியும்வரை ஈட்டி பிடித்து நின்றார்கள். மதில் 52 நாளில் முடிந்தது. இது தேவனால் நடந்த வேலை என்று சுற்றிலுமிருந்த பகைவரே உணர்ந்தார்கள். அதற்காகக் கட்டினவர்களின் பெயர்களை வேதம் அழித்துவிடவில்லை. இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைத்திருக்கிறது.

இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிற ஒருவரிடம், "விசுவாசம் இருந்தால் மெஷின் எதற்கு?" என்று கேட்கிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். யாருடைய வாயிலிருந்தும் அந்தக் கேள்வி இனி வரக்கூடாது. நெகேமியாவைக் குதிரையிலிருந்து இறக்க நமக்கு அதிகாரம் இல்லை. அதேபோல், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல் நேராக ஜெபக்கூட்டத்துக்கு வருகிற அம்மாவைப் பார்த்து, "இதற்குப் பதில் ஓவர்டைம் செய்யலாமே" என்று சொல்லவும் வேண்டாம். அவர் அகாவா நதியருகே நிற்கிறார்.

எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகள் முன்னால் வாருங்கள், தலையில் கைவைத்து ஜெபிக்கிறோம். ஜெபம் முடிந்ததும் பின்மண்டபத்தில் கணித வகுப்பு இருக்கிறது, வீட்டுக்குப் போய்விடாதீர்கள். கார் வைத்திருப்பவர்கள், டயாலிசிஸ் போகிறவர்களை எந்தெந்தக் கிழமை ஏற்றி இறக்க முடியும் என்று வாசலில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.